நாற்பத்தொன்று

எண்ணூர் சவுக்குத் தோப்பில்
இரவு ஒன்பதே கால்.
மூன்றாவது முறையாக எண்ணுகிறேன்.
நாற்பத்தொன்று.
விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு
சாப்பாட்டு வண்டிக்குத் தலையாட்டுகிறேன்.

காலையில் கொருக்குப்பேட்டை கேட்டில்
கூட்ஸ் வண்டி போகக் காத்திருந்தபோது
வேனுக்குள்ளேயே ஒவ்வொரு மணிக்கட்டிலும்
மார்க்கரால் என் நம்பரை எழுதினேன்.
"டாட்டூவா மிஸ்?" என்றான் மோனிஷ்.
மதிய வேர்வைக்குள்
எட்டெல்லாம் மூன்றாகிவிட்டது.

நாற்பத்தொரு சம்மதக் கடிதங்கள்.
இரண்டில் கையெழுத்து பிள்ளைகளே போட்டது;
ஒன்று அச்சு அசல்,
இன்னொன்றில் அப்பா பெயரிலேயே எழுத்துப்பிழை.
யாஸ்மினின் இன்ஹேலர்
நாள் முழுக்க என் தொடையை இடித்தது.
தூக்கத்தில் நடக்கிற ஒருவனுக்குக்
காலில் சலங்கை கட்டலாமா என்று சிரித்தோம்.
பிறகு கட்டினோம்.
கடலோரம் நைலான் கயிறு இழுத்து
"இதைத் தாண்டினா நேரா வீடுதான்" என்றேன்.

பிரியாணித் தட்டு நீட்டிய கைகளில் ஒன்றில்
எதுவும் எழுதியிருக்கவில்லை.
அழிந்த நீலக்கறைகூட இல்லை.
"பேரு?"
"தீனா."
"எந்த வேன்?"
தட்டை இறுக்கிக்கொண்டான்.
"குப்பம்க்கா. தோ, அந்தாண்ட."

திட்டத்தான் வாய் திறந்தேன்.
அதற்குள் கணக்கு
அடிவயிற்றில் போய் விழுந்தது.
நாற்பத்தொன்றில் ஒன்று இவன் என்றால்

பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்க வேண்டும்.
முட்டையைத்தான் இப்படி எண்ணுவார்கள்.

டெல்பினா.
மூன்றாவது கூடாரம், பதினாலு வயது.
ஆறு மணிக்கு "வயிறு வலிக்குது மிஸ்" என்றவள்.
ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுத்தேன்.
அவள் குடிக்கிறாளா என்று பார்க்கவில்லை.

வாய்ச் சோற்றை விழுங்கிவிட்டு தீனா சொன்னான்:
"ஒரு அக்கா பைய எடுத்துகினு
முகத்துவாரம் பக்கமா போச்சு.
தண்ணி இழுக்கும்னு கத்துனேன்.
திரும்பல."

ஓடினோம்.
செருப்பில்லாமல் அவன் முன்னால்.
எந்தக் கல் ஆடும், எது ஆடாது
என்று அந்தக் கால்களுக்குத் தெரிந்திருந்தது.
பின்னால் என் டார்ச்
தடுக்கித் தடுக்கி வந்தது.

தூண்டில் வளைவின் கருங்கல் மறைவில்
முழங்கால் தண்ணீரில் நின்று
துணி அலசிக்கொண்டிருந்தாள்.
அனல்மின் நிலையத்துச் சிவப்பு விளக்கு
அவள் தோளில் அணைந்து அணைந்து எரிந்தது.

கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்றாள்.
வாசலிலேயே பையன்கள் கேரம் ஆடினார்கள் என்றாள்.
"உங்ககிட்ட வந்தேன் மிஸ்,
நீங்க எண்ணிக்கிட்டு இருந்தீங்க."

தீனா எப்போதோ முதுகைத் திருப்பிக்கொண்டு
கப்பல் விளக்குகளைப் பார்க்கத் தொடங்கியிருந்தான்.

மூன்று கூட்டம் போட்டோம் இந்த முகாமுக்கு.
பாம்புக்கு ஒரு மணி நேரம்,
மின்னலுக்கு அரை மணி,
போலீஸ் அனுமதிக்கு ஒரு முழுச் சாயங்காலம்.
ஐம்பது ரூபாய்த் தாழ்ப்பாள் பற்றி யாரும் பேசவில்லை.
அத்தனை கூட்டத்திலும்
நானும்தான் இருந்தேன்,
ஒரே பெண்ணாக, டீ குடித்துக்கொண்டு.

கதவு ஓட்டையில் என் துப்பட்டாவைக் கோத்து முடிந்தேன்.
கேரம் போர்டு தோப்பின் மறுகோடிக்குப் போனது.
பதினொரு மணிக்கு
ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு
ஒவ்வொரு "இருக்கேன்"னாக வாங்கினேன்.
தூங்கிவிட்டவனுக்காக அவன் சலங்கை
ஒருமுறை புரண்டது.
டெல்பினா என் பெரிய சட்டைக்குள்ளிருந்து
கையை மட்டும் தூக்கினாள்.

"தனியா போய்டுவேன்க்கா" என்றான் தீனா.
விடவில்லை.
நானும் டிரைவர் அன்வரும் கூட நடந்தோம்.
வலைகளுக்கு நடுவே ஒரு வாசல்,
போனில் பேசியபடியே அவன் அம்மா,
கட் செய்துவிட்டு
எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.
"இந்நேரம் வரைக்கும்
இவன் யார் கணக்குல இருந்தான்?"

"எங்க கணக்குல" என்றேன்.

பொய்யில்லை.
மூன்று முறை எண்ணியிருந்தேன்.