ஆறு மில்லிமீட்டர்

மேலப்பாளையத்தில் ஞாயிற்றுக்கிழமை,
கல்யாண மண்டபத்தில்
மாப்பிள்ளை உட்காரும் மேடையில் எனக்குக் கட்டில்.
'இலவசக் கழுத்துப் பரிசோதனை' என்று பேனர்.
எண்பத்தேழு டோக்கன்.

பீடி சுற்றிக் குனிந்தே பழகிய கழுத்துகள்
நிமிரச் சொன்னால் கூசுகின்றன.
கருகமணியைப் பிடரிப் பக்கம் தள்ளிவிட்டு
ஜெல்லின் குளிருக்கு 'யா அல்லா' என்று சிரிக்கிறார்கள்.
ஒருத்தி கேட்டாள்:
"எனக்கு ஒண்ணும் செய்யலயே டாக்டரம்மா,
பொறவு எதுக்குப் பாக்கிய?"
மைக்கில் ஒருவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்,
முன்னாலேயே பார்த்தால் முன்னாலேயே பிழைக்கலாம் என்று.
எனக்கு அப்போது வேறு வேலை இருந்தது,
அவள் கழுத்தில், இடது பக்கம்.

மூன்று வருடம் முன்பு இதே மேடையில்
செய்யதலி பாத்திமாவுக்கு நான்தான் கண்டுபிடித்தேன்.
ஐந்து மில்லிமீட்டர். ஒரு கொத்துமல்லி விதை.
ஊசி, ரிசல்ட், ஆபரேஷன், எல்லாம் ஒரே மாதத்தில்.
சுரப்பியை முழுசாக எடுத்தாயிற்று.
அடுத்த வருடத்துப் பேனரில் அவள் படம்.

பேனரில் குரல் கேட்காது.
மூணாவது தெரு வரைக்கும் பிள்ளைகளை அதட்டியவள்
இப்போது கைதட்டிக் கூப்பிடுகிறாள்.
விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை;
நோன்பு மாதத்தில் அதற்கு வேறு கணக்கு.
விரல் நுனி மரத்து இலை வழுக்கி
ஆயிரம் பீடி எழுநூறாகிவிட்டது.
என்னைப் பார்த்தால் இன்னும் கையைப் பிடித்துக்கொள்வாள்,
உசிரைக் கொடுத்தவள் என்று,
காற்றிலேயே சொல்லுவாள்.

கொடுத்தேனா?
அந்த விதை முளைத்திருக்குமா,
இல்லை விதையாகவே அவளோடு கிழவியாகி
அவளோடு மண்ணுக்குப் போயிருக்குமா?
வேறு எதிலோ செத்தவர்களின் கழுத்தைத் திறந்தால்
அப்படி எத்தனையோ, யாருக்கும் தெரியாமல்.
எடுத்து எறிந்ததைத் திரும்ப வைத்து
என்ன செய்கிறது என்று பார்க்க வழியில்லை.

லூர்துக்கனி உவரியிலிருந்து வந்தாள்.
கண்ணுக்கே தெரிந்த கட்டி.
தொண்டை கம்மியதற்கு ஒரு வருடம்
பனங்கற்கண்டு தின்றிருக்கிறாள்.
அவளுக்குப் பேனர் தேவைப்பட்டிருக்காது,
நேரத்துக்கு ஒரு பஸ் போதும்,
கை வைத்துப் பார்க்க ஒருவர்.
இதையும் அந்த மைக்கில் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை. மெஷின் தந்தவர்
முன்வரிசையில் இருந்தார்.

இடது பக்கக்காரியிடம் சொன்னேன்:
சின்னது, ஊசி வேண்டாம், ஒரு வருடம் விட்டுப் பார்ப்போம்.
அவள் கருகமணியை முன்னால் இழுத்துப் போட்டாள்.
"பாத்தாச்சுல்லா.
இனி எப்படி பாக்காத மாதிரி இருக்க?"

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.
மிச்ச ஜெல்லை என் கழுத்தில் தடவினேன்,
சும்மாதான்.
வலது பக்கம், கருப்பு, ஓரம் கலைந்து,
உள்ளே ரவை தெறித்தாற்போல் வெள்ளை.
ஆறு மில்லிமீட்டர்.
மெஷின் பெயர் கேட்டது.
படத்தை அழிக்கவுமில்லை,
பெயர் அடிக்கவுமில்லை.

கருப்பந்துறைப் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன்.
சித்திரை. ஆறு இறங்கிக் கிடந்தது.
ஐப்பசியில் ஒன்றுமே இல்லாத இடத்தில்
எத்தனை பாறை!
ஒன்றுகூட நேற்று வந்ததில்லை.
அவற்றின் மேலேதான் குளித்தோம், துவைத்தோம்,
நாணல் ஆடியது.
ஆனாலும் எல்லா வருடமும்
ஏதோ ஒன்று ஒரு தலையைக் கேட்டுவிடுகிறது.
எது என்று பாலத்திலிருந்து தெரியாது.
எல்லாவற்றையும் வெடி வைத்து எடுத்தால்
அதற்கு ஆறு என்று பெயரில்லை.

பின்னால் மினிபஸ் ஹாரன்.
"கெடக்கட்டும், ஒரு வருசம்" என்றேன்,
எனக்குக் கேட்கிற அளவுக்கு.
குரல் தெளிவாகத்தான் இருந்தது.
ஆனால் கை
ஹேண்டில்பாரை விட்டுவிட்டு
கழுத்துக்குப் போயிருந்தது.