செவ்வாய், வியாழன், சனி

முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினேன்.
டொலீடோவுக்கு மேற்கே, அதே பதினான்கு மைல்,
காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை.
உலகத்தை ஆறு சுற்று சுற்றிவிட்டாய் என்று
மின்கட்டண உறையின் முதுகில்
கணக்குப் போட்டுக் காட்டினான் வெண்டல்,
ஒரு சோளக்காட்டைக்கூடத் தாண்டாமல்.

ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டி
ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.
மனம் போன பக்கம் வண்டியை விடு.
பிடித்த ஊரில் நாலு நாள் கூடத் தங்கு.
திட்டம் என்று ஒன்று இருக்கவே கூடாது.
கடைசியாகச் சொன்ன டுவைட்டுக்கு
இரண்டு சிறுநீரகமும் வேலை செய்கிறது.

வெண்டலின் ரத்தம்
வாரத்துக்கு மூன்று முறை வெளியே போய்
குளித்துவிட்டு வர வேண்டும்.
நாலு மணி நேரக் குளியல்.
செவ்வாய், வியாழன், சனி.

சாப்பாட்டு மேஜை முழுக்க அமெரிக்கா.
நெப்ராஸ்கா பறக்காமலிருக்க
வேலை போன உப்புக் குப்பி,
டெக்சஸ் மேல் மாத்திரை டப்பா.
ஃப்ளோரிடா மேஜைக்குக் கீழே தொங்குகிறது,
அதை யாரும் கேட்கவில்லை.
நடுவில் மேற்கே போகும் சிவப்புக் குண்டூசிகள்
அருவி இல்லை, பள்ளத்தாக்கு இல்லை,
நாற்காலிகள்.
ஒன்றிலிருந்து அடுத்ததற்கு
ஒன்றரை நாளில் போய்விட முடிகிற தேசம்தான்
எங்களுக்கு வாய்த்த தேசம்.

காலை ஒன்பதுக்குத் தொலைபேசியோடு உட்காருகிறேன்.
லா க்ராஸில் இடம் உண்டு, விடியற்காலை ஐந்தரைக்கு.
சூ ஃபால்ஸில் ரத்தப் பரிசோதனைத் தாள்
மூன்றாம் முறையாகத் தொலைந்திருக்கிறது.
ரேப்பிட் சிட்டியில் சளிக்குரலில் ஒருத்தி கேட்டாள்:
ஜன்னலோரம் வேண்டுமா?

ஜன்னலோரத்துக்காக நடந்த அடிதடிகளை
கண்ணாடியில் பார்த்தே ஓட்டியவள் நான்.
வேண்டும் என்றேன், என்ன தெரியும் என்று கேட்காமலே.
அவளாகச் சொன்னாள்:
கார் நிறுத்துமிடம், ஒரு டயர் கடை,
மேகம் இல்லாவிட்டால் பின்னால் மலை.
அந்தக் குண்டூசிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன்,
காட்சிமுனைக்குப் போடுகிற அதே நட்சத்திரம்.

பேர்டூத் கணவாயில் மே கடைசிவரை பனி.
அதைக் கடக்க எங்களிடம்
ஒரே ஒரு புதன்கிழமை இருக்கிறது.
அந்தப் பக்கம் வியாழக்கிழமை நாற்காலிக்குக்
காத்திருக்கும் பட்டியலில் நாங்கள் மூன்றாவது பெயர்.
முதல் இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது,
யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது
அவர்கள் வெளியூர் போய்விட வேண்டும்
என்று ஒரே மூச்சில் வேண்டிக்கொள்கிறேன்.

நேற்றிரவு வரைபடத்தை மடிக்கும்போது பார்த்தேன்,
ஓரங்களில் பென்சில் எழுத்து, எறும்பு சைஸில்.
லா க்ராஸ்: ஆற்றோரம் நட. செருப்பு வேண்டாம், பூட்ஸ்.
ரேப்பிட் சிட்டி: குன்றின் மேல் சிமெண்ட் டைனோசர்.
படி அதிகம், மெதுவாக.
பில்லிங்ஸ்: ஒன்றும் அகப்படவில்லை. தூங்கு.
குழாய் செருகி அவன் உட்கார்ந்திருக்கும்
ஒவ்வொரு நாலு மணி நேரத்துக்கும்
எனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறான்.
எல்லாவற்றுக்கும் அடியில், கோடு போட்டு:
வந்து சொல்ல வேண்டும்.

பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.
காலையில் அவன் கேட்டது ஒன்றே ஒன்று.
வழியில் வருகிற ரயில்வே கேட் எல்லாவற்றிலும்
வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து,
காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் போவாயா?
இது கார், வெண்டல், என்றேன்.
அது தெரியும், நீ நிறுத்துவாயா?

நிறுத்துவேன்.

அப்போது நாளுக்கு இருபது மைல் குறைத்துப் போடு
என்று பென்சிலை என் பக்கம் உருட்டிவிட்டான்.