முப்பத்தாறாம் பல்

வாயில் இருப்பது முப்பத்திரண்டு.
ஆனாலும் எங்கள் அட்டையில்
முப்பத்தாறு என்றொரு பல் உண்டு:
கீழ்த்தாடை, இடப்பக்கம், முதல் கடைவாய்.
ஹுட்டருக்கு இல்லாதது அது.

எல்லை தாண்டியதும் லைட்டா நதி
லொய்டோ என்று பேர் மாற்றிக்கொள்ளும்.
தண்ணீர் அதுவே. பல்லின் விலை மட்டும் பாதி.
அதனால் ஆஸ்திரியர்கள் சனிக்கிழமைதோறும்
எங்கள் ஊருக்கு வாயைத் திறக்க வருகிறார்கள்.
மொஷோன்மாக்யாரோவார்.
மரத்த நாக்கோடு சொல்லிப் பாருங்கள்.

நான் எதெல்கா. டாக்டர் இல்லை.
எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பவள்.
டாக்டரிடம் கேட்க வெட்கப்பட்டதையெல்லாம்
கோட்டு மாட்டும்போது என்னிடம் கேட்பார்கள்.

புகைப்பீர்களா?
'இல்லை' கட்டத்தில் அழுத்திப் போட்ட பெருக்கல் குறி.
பேனாவைப் பிடித்த விரல் மஞ்சள்.
நான் பார்த்தேன். சொல்லவில்லை.
அது என் தப்பு.

டைட்டானியம் திருகாணி
சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம்.
இறங்கியபோது நன்றாகத்தான் கடித்தது.
ஒன்பதாம் வாரம் விரல் வைத்ததும் சுழன்றது,
ஈரச் சுவரில் அடித்த ஆணி மாதிரி.
வலித்ததா என்றால், இல்லை என்றார்.
வலித்திருந்தால் முன்பே வந்திருப்பாரே.

அன்று வாசல்வரை கூட நடந்து சொன்னேன்:
ஆணியை மரம் பிடிப்பதுபோல் எலும்பு பிடிப்பதில்லை.
அது வளர்ந்து வந்து கட்டிக்கொள்ள வேண்டும்.
மூன்று மாதம் ஆகலாம், ஆறும் ஆகலாம்.
ஒவ்வொரு சிகரெட்டும் அங்கே போகும் ரத்தத்தைக் குறுக்கும்.
சர்க்கரை ஏறியிருந்தாலும் ஆறாது.
எதிர்க் கட்டடத்தில் 'ஒரே நாளில் பல்' என்று பதாகை.
சிலருக்கு ஆகும்.
யாருடைய வாயில் என்று கேளுங்கள், ஹுட்டர்.

உங்கள் மனைவி எலும்புத் தேய்வுக்கு ஊசி போடுகிறாரா?
போடுகிறார், அதற்கும் பல்லுக்கும் என்ன என்றார்.
எல்லாரும் அதையே கேட்கிறார்கள்.
மாத்திரைப் பட்டியலில் யாரும் அதை எழுதுவதில்லை.
பல் பிடுங்கிய குழி ஆறாமல்
எலும்பு வெளியே தெரிய ஒருத்தி வந்தாள்.
அவளும் எழுதவில்லை.

பள்ளத்தை எலும்புத்தூள் போட்டு மூடினோம்.
மாதங்கள் போயின. மறுபடி அதே படிவம்.
புகைப்பீர்களா?
இம்முறை கட்டத்துக்கு வெளியே, பொடி எழுத்தில்:
நிறுத்தி நாற்பத்தொரு நாள். நேற்று ஒன்று.

டாக்டர் சோல்னோகி இரண்டு தரம் படித்தார்.
அன்று துளையிடவில்லை.
அந்த 'நேற்று ஒன்று' இருந்ததால்தான்
இந்த மனிதரை நம்பலாம் என்று
எனக்குத் தோன்றியது.

படத்தில் தாடைக்குள் ஒரு சாம்பல் கோடு.
உதட்டுக்கு உணர்வு கொண்டுபோகும் நரம்பு.
அதற்கு இரண்டு மில்லிமீட்டர் மேலேயே நின்றது
இரண்டாவது திருகாணி.
சுழலவில்லை. அப்புறமும் சுழலவில்லை.

கிரீடம் பொருத்திய நாளில்
புளிச் செர்ரி ஒன்றை வாயில் போட்டார்.
கொட்டையைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது.
அவருக்குப் பல்லில் தெரியவில்லை. முகம் சுருங்கியது.

சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே
நூல்நூலாய் ஒரு மெத்தை இருந்தது.
மணல் ஒரு துகள் என்றாலும் சொல்லிவிடும்.
இது செவிட்டுப் பல், ஹுட்டர்.
சொத்தை விழாது, அது உண்மை.
ஆனால் சுற்றியுள்ள ஈறு அழுகினால்
எலும்பு கரையும், பல் மூச்சுவிடாது.
துலக்கும்போது வரும் ரத்தம் மட்டும்தான் தகவல்.

அவர் பஸ் ஓட்டியவர். முப்பத்தோரு வருஷம்.
கடைசி வருஷம் மின்சார பஸ் தந்தார்களாம்.
பழைய வண்டி இருமினால் காலுக்குத் தெரியும்,
இது எதுவும் சொல்லாது, என்றார்.
அப்போது என்ன செய்தீர்கள்?

தேதி பார்த்தேன்.

பணப்பையிலிருந்து பழைய டிக்கெட்டை எடுத்து
அதன் முதுகில் எழுதினார்:
மார்ச் பதினாறு. எதெல்கா. ஈறு.