கேள்வி முப்பத்தெட்டு

முதல்முறை போனபோது சாலை இல்லை.
கோவேறு கழுதைகளின் பின்னால்
ஆறு மணி நேரம் நடை.
ஏற்றத்தில் மூச்சு போனது, இறக்கத்தில் முழங்கால்.
ஐந்து மூட்டை உருளைக்கிழங்கு கீழே இறக்கினால்
ஒன்று தன் கூலி என்றார் கழுதைக்காரர் தியோஃபிலோ.
மீதி நாலுக்கும்
ஆற்றங்கரை வியாபாரி சொன்னதுதான் விலை.
"திரும்பச் சுமந்துகொண்டு மலையேறவா போகிறோம்?
அது அவனுக்கும் தெரியும்."

சத்துர்னினா கொரிமான்யாவின் வீட்டில்
நாற்பத்தைந்து கேள்விகளையும் கேட்டு முடிப்பதற்குள்
ஆண்டிஸ் மலைக்குப் பின்னால் பொழுது விழுந்துவிட்டது.
அடுப்போரம் படுக்க இடம் தந்தாள்.
கினிப் பன்றிகள் இருட்டில் கீச்சிட்டுக்கொண்டிருந்தன.
நான் கேட்காத ஒன்றை அப்போதுதான் சொன்னாள்,
பாதி ஸ்பானிஷில், மீதி கெச்சுவாவில்:
பிரசவ வலியெடுத்த மூத்தவளைக் கம்பளியில் கட்டி
எட்டுப் பேர் சுமந்து இறங்கியதை.
பாதி வழியில்
சுமை திடீரென்று கனத்ததை.

நான் எழுதவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

நான்கு வருடம் கழித்து
ஜீப்பில் போனேன். ஐம்பது நிமிடம்.
வழியில் ஆரஞ்சுச் சட்டையோடு ஒருவர்
வடிகாலில் சரிந்த மண்ணை வாரிக்கொண்டிருந்தார்.
தியோஃபிலோ.
கழுதைகளை விற்றாயிற்று.
வாரம் மூன்று நாள் சாலைப் பராமரிப்பு,
டிசம்பருக்குப் பிறகு ஒப்பந்தம் உண்டோ இல்லையோ.
முதன்மைத் தொழில் என்ன என்று கேட்டேன்.
மண்வெட்டியைப் பார்த்தார், மலையைப் பார்த்தார்,
"நீயே ஏதாவது போட்டுக்கொள்" என்றார்.

சத்துர்னினாவின் கூரையில் இப்போது தகரம்.
மழை பெய்தால் பேச்சே கேட்பதில்லை என்று சிரித்தாள்.
மூட்டை பதினெட்டு சோலுக்குப் போனது
முப்பத்தொன்றுக்குப் போகிறது,
இரண்டு லாரிகள் போட்டி போட்டு வருகிற வாரத்தில்.
மழையில் ஒன்றுதான் வந்தால்
பழையபடி அவன் சொன்ன விலை.
முன்பு பிள்ளைகள் தின்ற முட்டைகள்
டவுனுக்குப் போகின்றன;
அங்கிருந்து நூடுல்ஸ் வருகிறது.
லாரியில் ஏற்ற ஒரு மூட்டையும் இல்லாத
பக்கத்து வீட்டு ஃபவுஸ்டா
படலுக்கு அப்பாலிருந்து சொன்னாள்:
"சாலை என் வாசல் வழியாகத்தான் போகிறது.
நிற்கத்தான் மாட்டேன் என்கிறது."

வீட்டில் எத்தனை பேர்?
ஆறு.
போன தடவையும் ஆறு.
மாற்றமில்லை என்று குறித்தேன்.
சின்ன மகன் ஹெர்மெனெகில்தோ
கிழங்கு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து லிமாவுக்குப் போனதும்,
மருமகள் அதே லாரியில் மருத்துவமனை போய்
உயிரோடு திரும்பியதும்,
அவள் முதுகுத் துணிக்குள் ஒன்று
என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்ததும்
அந்த ஆறுக்குள் அடங்கிவிட்டன.

டிரைவர் ஹாரன் அடித்தான்.
இன்னும் மூன்று ஊர் பாக்கி.
"இப்போதுதான் பானையை வைத்தேன்" என்றாள்.
இருக்கட்டும் என்றேன்.
அன்று ஓர் இரவு தங்கிய வீட்டில்
இன்று இருந்தது இருபது நிமிடம்.

ஜீப் திரும்பும்போது ஓடி வந்தாள்.
ஜன்னல் வழியாக ஒரு துணி மூட்டை விழுந்தது.
தோலோடு அரைவேக்காட்டுக் கிழங்குகள், எட்டோ ஒன்பதோ.
மடியில் வைத்தேன். சுட்டது.
அடியில் கிளிப் அட்டை, அதில் படிவம்,
கேள்வி முப்பத்தெட்டு:
கடந்த ஏழு நாட்களில்
பிறருக்கு இலவசமாகக் கொடுத்த உணவின் மதிப்பு.

என் கையெழுத்தில் பூஜ்யம்.
போன தடவையும் அதையேதான் எழுதியிருப்பேன்,
அவள் கிழங்கைத் தின்றுகொண்டே.