மூன்று பூஜ்யம்

பூஜ்யம் கூடக்கூட நூல் மெலியும்.
ஒன்று என்றால் வயிற்றுச் சுவருக்கு,
மூன்று பூஜ்யம் தோலுக்கு அடியில்,
ஆறு பூஜ்யம் முகத்துக்கு.
பதினோரு வருஷமாய் இதைத்தான்
காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவே
பெட்டி பெட்டியாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
சம்பளத்தில் பூஜ்யம் வேறு மாதிரி வேலை செய்யும்.

அழகம்மை டாக்டரின் ஆஸ்பத்திரி
கழனிவாசல் பக்கம், வாடகைக்கு எடுத்த பெரிய வீடு.
முட்டை வெள்ளை பூசிய சுவரில்
ஆணி அடிக்கக்கூடாது என்பது ஒப்பந்தம்.
அதனால் ஆக்ஸிஜன் குழாய்
தூணுக்குத் தூண் கயிறு கட்டி
வளைந்து வளைந்து தியேட்டருக்குப் போகிறது.
நானும் அப்படித்தான்.
ஸ்டோர், அக்கவுண்ட்ஸ், மறுபடி ஸ்டோர்,
கடைசியில் வளவில் போட்ட பெஞ்சு.

பெஞ்சில் எனக்கு முன்பே திவான் மைதீன்,
போட்டிக் கம்பெனி.
கிரிக்கெட், சர்க்கரை அளவு, மகளின் கல்லூரி ஃபீஸ்
எல்லாம் பேசுவோம்.
ரேட் மட்டும் பேசமாட்டோம்.

"உங்க ஊசி வளையுது" என்பார் டாக்டர்
கையுறையைக் கழற்றியபடி, நின்ற வாக்கில்.
வளைந்த ஊசிதானே டாக்டர் என்று
பதில் தொண்டை வரை வரும்.
ஆர்டர் புத்தகத்தைப் பார்த்து விழுங்கிவிடுவேன்.

மார்ச் கடைசி வாரம்.
டார்கெட்டுக்கு எழுபதாயிரம் குறைச்சல்.
புது பஸ் ஸ்டாண்டில் டிக்கியிலிருந்து
கையுறைப் பெட்டியை இழுத்தபோது
அடிவயிற்றில் ஏதோ
பையின் ஜிப் விட்டதுபோல்.

குடலிறக்கம்.

ஏழரைக்குப் பதினைந்து சென்டிமீட்டர் வலை.
எத்தனை மேசைகளில் விரித்துக் காட்டியிருக்கிறேன்,
புடவைக் கடைக்காரன்போல், ஓரத்தை இழுத்து.
"உங்க கம்பெனி மெஷ்ஷே வச்சிடவா?"
டாக்டர் என்னிடம் கேட்ட முதல் அபிப்பிராயம்.
ஸ்டோரில் இருக்கும் எங்கள் சரக்கு
ஆகஸ்டில் காலாவதி.
ஐந்து மாதம் தாராளம் என்று
இதே அறையில் அடித்துப் பேசியவன் நான்.
"நல்லதாப் பாத்து வைங்க டாக்டர்."
அமலோற்பவம் சிஸ்டரின் சிரிப்பு
முகக்கவசத்துக்கு மேலே கண்ணில் தெரிந்தது.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே ஆளில்லை.
காது மட்டும் டியூட்டியில்.
உறை கிழிபடும் சத்தம் கேட்டது.
அதிலேயே தெரிந்துவிட்டது,
எங்களுடையது இல்லை.

பில் முப்பத்தெட்டாயிரத்து நானூறு.
ஆஸ்பத்திரி எங்களுக்குத் தரவேண்டியது
ஒரு லட்சத்துச் சொச்சம், நூற்றுப்பத்து நாளாய்.
"கழிச்சுக்க மாட்டாங்களா?" என்றாள் கோமளவல்லி,
நகைக்கடன் சீட்டை மடித்தபடி.
அது கம்பெனி, இது நாம் என்றேன்.
அவள் போய் ரொக்கமாகக் கட்டிவிட்டு வந்தாள்.
உள்ளே போட்ட நூல் மூன்று மாதத்தில் கரைந்துவிடும்.
பாக்கிக்கு அந்த குணம் கிடையாது.

எட்டாம் நாள் சாத்துக்குடியோடு திவான் மைதீன்.
நலம் விசாரிக்கும் முன்பே
சட்டையைத் தூக்கித் தையலைப் பார்த்தான்.
குனிந்து, கண்ணாடியை இறக்கி,
பிரியாது என்று தலையாட்டினான்.
"நம்ம நூலு மாப்ள."
அந்த நம்மவில் நான் உண்டா என்று
கேட்கத் தோன்றவில்லை.

அப்போதுதான் மதுரையிலிருந்து மேனேஜர் போன்.
"அழகம்மையில இந்த மாசம் என்னய்யா நகர்ந்துச்சு?"
தையலைக் கையால் அழுத்திக்கொண்டு
இருமினேன்.