வாளி

மணற்காட்டில் காற்று ஐந்து மணிக்கே எழும்பிவிட்டது.
சவுக்குகளுக்கு நடுவில் கூடாரம் நாலு,
சாரணியர் பதினேழு பேர்,
மூச்சு மெஷின் ஒன்று. என்னுடையது.

சொப்பின் பையால் இரண்டு சுற்று,
மேலே தலையணை உறை.
என்றாலும் குழாய் வாயில்
மினுங்குது ஒரு பரல் மணல்.

மூடியுள்ள வாளி ஒன்றே ஒன்று.
அதற்குள் அரிசி.

அரிசியைத் துவாயில் கொட்டினேன்.
படுக்கும்வரை மெஷின் வாளிக்குள் இருந்தது.
பிறகு ஜெனிற்றாவின் அப்பா தந்த
வான் பற்றறியில் கொழுவி,
முகமூடி கட்டி,
நல்ல நித்திரை.

விடியக் கஞ்சி.
பதினேழு வாயிலும் நறநற.
ஒருத்தியும் ஒன்றும் சொல்லவில்லை.

கோப்பை கழுவ வந்த துளசிகா மட்டும்
நாக்கு நுனியில் எதையோ தேடியபடி கேட்டாள்:
"மிஸ், மெஷினுக்குள்ள
மண் போகேல்லைத்தானே?"