மணக்குடி, சுருள் பதினான்கு

ட்யூப்லைட்டுக்குக் கீழே ஸ்டூல் போட்டு நிற்கிறேன்.
டப்பாவைத் திறந்ததும் புளித்த காடி நெடி.
வெண்ணெய்த்தாள் உறைகளில் ராமபாணப் பூச்சி
என் கையெழுத்தைத்தான் முதலில் தின்றிருக்கிறது.

ஜெர்லின் நேற்று ராத்திரி கூப்பிட்டாள், குளச்சலில் இருந்து.
"மாமா, அப்பா படம் ஒண்ணு வேணும்.
ஆதார்ல உள்ளது கொள்ளாது.
ஞாயிறு தோறும் ரெண்டு பேரும் போவியளே,
எதிலயாவது சிரிச்சுக்கிட்டு நிப்பாருல்லா?"
நிற்பார் என்றேன்.

முட்டம். பாறை வெளுத்து, நுரை கறுத்து,
கலங்கரை விளக்கம் கரிக்கட்டையாய் நிற்கிறது.
தேரூர்க் குளத்தில் நாற்பது கொக்கும் காக்கை.
மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு மேலே
உச்சிவெயில் வானம் தார் பூசிக் கிடக்கிறது.
சிதறால் மலையேறும் பள்ளிப் பிள்ளைகள்
கறுத்த பல்லோடு சிரிக்கிறார்கள்,
அத்தனை பேருக்கும் நரை.
இப்போது நிஜமாகவே நரைத்திருக்கும்.

பர்னபாஸ் எங்கே?

ஓரத்தில் ஒரு முழங்கை.
குடைக்கம்பி.
ஈர மணலில் செருப்பு, ஒற்றை.
இன்னொன்றில் என் காலடி வரை நீண்ட அவன் நிழல்,
நெகட்டிவில் அதுதான் இருப்பதிலேயே வெளிச்சம்.

எட்டு வருஷம்.
காலைப் பூசை முடிந்த வேட்டியோடே வந்து
விஜய் சூப்பரின் பின்னால் ஏறுவான்.
லென்ஸில் வெயில் விழாமல் குடை பிடிப்பான்.
மற்ற நாட்களில் மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் எடைபோடுகிறவன்,
அதனால் சாயங்கால வெளிச்சத்தைக்கூட
"இன்னும் கால் கிலோ இருக்கு ஓய்" என்பான்.
ஆளைப் படமெடுப்பது ஸ்டுடியோக்காரன் வேலை என்று
எனக்கு ஒரு திமிர்.
சுருள் விலை வேறு.

ஒரே ஒரு நாள் எடுத்தேன்.
மணக்குடியில் பொழி வெட்டிவிட்ட மறுநாள்,
பழையாறு கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது.
முதல் படத்திலேயே அவன் சொன்னான்,
"மேல அந்தக் குமிழ் சுத்தலியே, பாத்தீரா?"
நீ குடையைப் பிடி என்றேன்.

குடை அப்போதுதான் பறந்தது.
மேலே போய், மலர்ந்து, தண்ணீரில் விழுந்து
ஓட்டத்தோடு கடலுக்குப் போனது.
அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தான்.
வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள்.
விழுந்தான். எழுந்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்று
குடையைப் பெயர் சொல்லி அழைத்தான்,
எஸ்தரே, எஸ்தரே, வந்திரு தாயே என்று.
குடைக்குப் பெயர் இருந்தது அன்றுதான் தெரியும்.
சிரித்து நடுங்கிய கையோடு
முப்பத்தாறையும் எடுத்து முடித்தேன்.

மீனாட்சிபுரத்தில் ஆசீர்
ஈரம் சொட்டச் சொட்டச் சுருளைத் தூக்கிப் பிடித்தான்.
"கண்ணாடி மாதிரி இருக்கு சார்."
பல்லில் மாட்டவே இல்லை சுருள்.
உள்ளே சுருண்டபடி இருட்டிலேயே இருந்திருக்கிறது.

பர்னபாஸிடம், ஆசீர் கெடுத்துவிட்டான் என்று சொன்னேன்.

அவன் போய்ச் சண்டை போட்டான்.
ஆசீர் என்ன சொன்னானோ தெரியாது.
திரும்பி வந்தவன் அதைப் பற்றிப் பேசவில்லை,
அன்றும் இல்லை, முப்பத்தேழு வருஷத்தில் ஒருநாளும் இல்லை.
அடுத்த ஞாயிறு புதுக் குடையோடு வந்தான்.
நான் சுருள் மாட்டி முடிக்கும் வரை
குமிழையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த வெறும் சுருளையும் ஏன் வெட்டி உறையிலிட்டேனோ.
ஓரத்தில் எண்கள் மட்டும் ஒழுங்காக இருக்கின்றன.
ஸ்டூலை விட்டிறங்கி
ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறேன்:
பத்தொன்பதில் எதிர்வீட்டு மதில்,
இருபதில் முருங்கை.
ஹாரன் அடித்துக்கொண்டு மீன்காரரின் மொபெட் வருகிறது,
இருபத்தொன்று, இருபத்திரண்டு.

ஜெர்லின் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள்.

இருபத்துமூன்றுக்குள் நுழைகிறது மொபெட்.
வெறும் கைப்பிடியை உயர்த்திக் காட்டியபடி
அவன் கரையேறிய இடம் அது.